பழைய ஆம்னி வேனுக்குச் செகண்ட் ஹேண்ட் கியர்பாக்ஸ்: தேடுவது முதல் பொருத்துவது வரை

மாருதி ஆம்னியின் தயாரிப்பு 2019இல் நின்றுவிட்டது. ஆனாலும் சமையல் கான்ட்ராக்ட், மளிகை, பூ வியாபாரம், மேடை அலங்காரம் என்று இன்னும் பலருடைய பிழைப்பு அந்த வேனை நம்பித்தான் நடக்கிறது. அப்படிப்பட்ட வண்டியின் கியர்பாக்ஸ் பழுதானால் மெக்கானிக் வழக்கமாக மூன்று வழிகளைச் சொல்வார்: பாக்ஸைப் பிரித்து பேரிங்கும் பற்சக்கரமும் மாற்றலாம், வேறு வண்டியில் கழற்றிய பாக்ஸை வாங்கி மாட்டலாம், அல்லது வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். இந்தக் கட்டுரை இரண்டாவது வழியை எடுப்பவர்களுக்கானது. அந்த வழியில் அலைந்து முடித்த பிறகு எனக்குத் தெளிவான விஷயம் இதுதான்: இந்த வேலையில் பாக்ஸின் விலை பெரிய செலவு அல்ல. மாட்டிய பாக்ஸ் சரியில்லாமல் போய் இரண்டாவது முறை இறக்க நேர்வதுதான் பெரிய செலவு. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு எச்சரிக்கையும் அந்த இரண்டாவது இறக்கலைத் தவிர்ப்பதற்காகவே.

1. குற்றவாளி கியர்பாக்ஸ்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

கியர் விழவில்லை என்றதுமே பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுபவர்கள் பட்டறைகளிலும் இருக்கிறார்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் எல்லாமே முரண்டு பிடித்தால், பழுது பெரும்பாலும் கிளட்ச் முழுமையாக விடுபடாததில்தான் இருக்கும். ஆம்னியின் கிளட்ச் கேபிளால் இயங்குவது. கேபிள் நைந்திருக்கலாம், அட்ஜஸ்ட்மென்ட் தவறியிருக்கலாம், கிளட்ச் பிளேட்டே தேய்ந்திருக்கலாம். லீவர் கையில் தளர்வாக ஆடி, முதல் கியர் போட்டால் மூன்றாவது விழுகிறது என்றால், லீவரையும் பாக்ஸையும் இணைக்கும் கம்பிகளின் புஷ்களை முதலில் பாருங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை அது.

சத்தத்தை வைத்தும் ஓரளவு பிரித்தறியலாம். நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால், பாக்ஸுக்குள் உள்ள பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மாறாக, கிளட்சை மிதிக்கும்போதுதான் இரைச்சல் தொடங்குகிறது என்றால் அது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். ஓடும் வண்டியை நியூட்ரலில் விட்ட பிறகும் வேகத்தோடு சேர்ந்து ஊளை கேட்டால், பின்னால் உள்ள டிஃபரென்ஷியலையும் (இரு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) சக்கர பேரிங்குகளையும் பார்க்காமல் பாக்ஸைத் தொடக்கூடாது. வண்டி நகரத் தொடங்கும்போது ‘டொக்’ என்று ஒரு முட்டு கேட்பது பெரும்பாலும், பாக்ஸிலிருந்து பின்னால் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் என்னும் மூட்டு தேய்ந்ததால் வருவது.

ஒரே ஒரு கியர் மட்டும் மீண்டும் மீண்டும் துள்ளி வெளியே வருவது, குறிப்பிட்ட ஒரு கியருக்கு மாற்றும்போது மட்டும் பற்கள் உரசுவது, நான்காவது கியரில் அமைதியாகவும் மற்றவற்றில் இரைச்சலாகவும் ஓடுவது ஆகிய மூன்றும் பாக்ஸின் உள்பழுதைக் காட்டும் அடையாளங்கள். இன்ஜின் மவுண்டிங்கும் பாக்ஸ் மவுண்டிங்கும் கிழிந்திருந்தாலும் கியர் துள்ளும் என்பதால், முதல் அடையாளம் தெரிந்தால் அவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

2. ஆர்சியை எடுத்துத் தேதியைப் பாருங்கள்

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த காருக்கும் வேனுக்கும் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்ட்டில் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் இதனோடு சேரும். உங்கள் வண்டியின் பதிவு இன்னும் சில மாதங்களில் முடிகிறது என்றால், கியர்பாக்ஸ் செலவோடு இந்தத் தொகையையும், ஆய்வுக்குக் கொண்டுபோகும் முன் செய்ய வேண்டிய பெயின்ட், டயர், பிரேக் வேலைகளையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கியர்பாக்ஸ் எண் ஆர்சியில் பதியப்படுவதில்லை. எனவே அதே மாடல் பாக்ஸை மாற்றுவதற்கு ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் கடைக்காரர், “இன்ஜினோடு சேர்த்தே கிடக்குது சார், செட்டா எடுத்துக்குங்க, மலிவா முடியும்” என்று சொல்லக்கூடும். அந்த இன்ஜினை வண்டியில் ஏற்றினால் இன்ஜின் எண் மாறிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அதற்கு முன்அனுமதி பெற்று ஆர்சியில் திருத்தமும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் புதுப்பிக்கும்போதும், விற்கும்போதும், விபத்துக்குப் பிறகு காப்பீடு கேட்கும்போதும் சிக்கல் எழும். செட்டாக வாங்கினாலும் பாக்ஸை மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டிலிருந்து இந்தச் செலவுக்கு ஒன்றும் கிடைக்காது. தேய்மானத்தாலும் இயந்திரக் கோளாறாலும் வரும் பழுது முழுக் காப்பீட்டிலும் சேராது.

3. எது பொருந்தும், எது பொருந்தாது

ஆம்னியில் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் நீளவாக்கில் படுத்திருக்கும். அதன் பின்னால் நான்கு கியர் பாக்ஸ், அதிலிருந்து பின் சக்கரங்களுக்கு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். மாருதி 800இலும் இதே குடும்ப இன்ஜின்தான் என்பதை வைத்துக்கொண்டு “800 பாக்ஸ் போட்டுக்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது முன் சக்கரங்கள் இழுக்கும் வண்டி. அதன் டிஃபரென்ஷியல் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும், வெளி வடிவமே வேறு. வெர்சாவும் ஈகோவும் பார்வைக்கு ஆம்னியின் தம்பிகளாகத் தெரிந்தாலும், அவற்றின் இன்ஜினும் வேறு, பாக்ஸும் ஐந்து கியர் பாக்ஸ். பெல் ஹவுசிங்கையும் (பாக்ஸ் இன்ஜினோடு ஒட்டும் மணி வடிவ ஓடு) ஷாஃப்ட் நீளத்தையும் மாற்றி ஒட்டுப்போடும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

ஆம்னிக்குள்ளேயே கார்புரேட்டர் காலத்து வண்டி, எம்பிஎஃப்ஐ (மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு) காலத்து வண்டி என்று தலைமுறைகள் இருப்பதால், மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கக்கூடாது. கடைக்குப் போகும் முன் வண்டியைத் தூக்கி நிறுத்தி உங்கள் பாக்ஸைப் பக்கவாட்டிலும், அடியிலும், பின்னாலும் செல்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மவுண்டிங் தாங்கியின் வடிவம், கியர் கம்பி இணையும் இடம், ரிவர்ஸ் விளக்கு சுவிட்ச், ஸ்பீடோமீட்டர் கேபிள் செருகும் துளை, ஸ்டார்ட்டர் மோட்டார் அமரும் இடம் ஆகிய ஐந்தும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆர்சி நகலும் கையில் இருக்கட்டும். தயாரிப்பு ஆண்டையும் மாதத்தையும் மனப்பாடமாகச் சொல்ல முடியாமல் தடுமாறுவதைவிட அது நல்லது. பழைய பாக்ஸை ஏற்கெனவே இறக்கிவிட்டீர்கள் என்றால் அதையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவதுதான் சிறந்த வழி. இன்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்டின் பல் எண்ணிக்கையையும் நீளத்தையும், இரண்டு பாக்ஸையும் அருகருகே வைத்தே ஒப்பிட்டுவிடலாம்.

4. எங்கே, எப்போது தேடுவது

சென்னையில் இதற்கான இடம் புதுப்பேட்டை. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து பக்கம்தான். கூவம் கரையை ஒட்டிய தெருக்களில் கடைக்கு ஒரு மாடல் என்று பிரித்து வைத்திருப்பார்கள். கோவையில் உக்கடத்தைச் சொல்வார்கள். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் உள்ளூர் மெக்கானிக்குகளிடம் ஒரு வார்த்தை போட்டு வைப்பது பலன் தரும். விபத்தில் சிக்கி உடைப்புக்குப் போகும் ஆம்னி பக்கத்து ஊரிலேயே கிடைக்கலாம். ஓடிக்கொண்டிருந்த வண்டி என்பது தெரிந்தால் அதைவிட நல்ல பாக்ஸ் வேறில்லை.

வார நாட்களில், முற்பகலில் போங்கள். மாலையில் போனால் வெளிச்சமும் போதாது, கடைக்காரருக்குப் பொறுமையும் இருக்காது. முதல் கடையிலேயே வாங்கிவிடாமல் மூன்று நான்கு கடைகளில் விலை கேளுங்கள். ஆனால் “என்ன விலை” என்று மட்டும் கேட்காமல் “எந்த வருஷ வண்டியில் கழற்றியது, அந்த வண்டி ஏன் உடைப்புக்கு வந்தது” என்றும் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்லி, கழற்றிய வண்டியின் விவரத்தையும் காட்டக்கூடியவரிடம் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவதில் நஷ்டமில்லை. தெருமுனையில் வழிமறித்து “என்ன வேணும் சார்” என்று கூட்டிப்போகும் தரகரின் பங்கு உங்கள் விலையில்தான் ஏறும். நேராகக் கடைக்குப் போங்கள்.

வெளியூரிலிருந்து பார்சலில் வரவழைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். வேறு வழியில்லை என்றால், அடுத்த பகுதியில் உள்ள சோதனைகளை வீடியோ அழைப்பில் கண்முன் செய்துகாட்டச் சொல்லிவிட்டுப் பணம் அனுப்புங்கள். எண்ணெயை வடித்துவிட்டு, இன்புட் ஷாஃப்டைத் துணி சுற்றி, மரப்பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

5. கடைத் தரையில் வைத்தே செய்ய வேண்டிய சோதனைகள்

இந்தப் பகுதிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மெக்கானிக் உடன் வந்தால் நல்லது. வராவிட்டாலும் இவற்றை நீங்களே செய்யலாம்.

முதலில் எண்ணெய். பாக்ஸில் எண்ணெய் மிச்சம் இருந்தால் டிரெயின் பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் வடித்து உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது சாதாரணம். பிளக்கின் நுனியில் மாவுபோல மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியிருப்பதும் வயதுக்கு ஏற்றதே. ஆனால் விரலில் குத்தும் சில்லுகள் வந்தால் உள்ளே பல் உடைந்திருக்கிறது என்று பொருள். பித்தளை நிறத்தில் மினுமினுப்பு தெரிந்தால், கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ வளையங்கள் தேய்ந்துவிட்டன. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். மழைக்காலத்துக்குப் பிந்தைய மாதங்களில் வாங்குபவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். பாக்ஸ் முழுவதும் காய்ந்து, புதிதாகக் கழுவித் துடைத்து, வெள்ளி பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அழுக்கோடு இருக்கும் பாக்ஸில் எண்ணெய் எங்கே கசிந்தது என்பதாவது தெரியும்.

அடுத்தது சுழற்சி. பாக்ஸை நியூட்ரலில் வைத்து இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். கரகரப்பு இல்லாமல் சுழல வேண்டும். ஷாஃப்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு, ‘கடக் கடக்’ என்று அடித்தால் பேரிங் போய்விட்டது. பிறகு ஒவ்வொரு கியராகப் போட்டுச் சுற்றுங்கள். ஆம்னி போன்ற பின் சக்கர வண்டியின் நான்கு கியர் பாக்ஸில் நான்காவது கியர் நேரடி இணைப்பு என்பதால், இன்புட் ஒரு சுற்று சுற்றினால் பின்பக்க ஷாஃப்டும் சரியாக ஒரு சுற்று சுற்றும். முதல் கியரில் பின்பக்கம் மிக மெதுவாகவும், ரிவர்ஸில் எதிர்த்திசையிலும் சுழல வேண்டும். ஏதாவது ஒரு கியரில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டுப்பட்டால், அந்தச் சக்கரத்தில் ஒரு பல் போயிருக்கிறது. அதை வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, வெளி ஓடு. பெல் ஹவுசிங்கின் போல்ட் காதுகள் ஒவ்வொன்றையும் விரலால் தடவுங்கள். அலுமினிய ஓடு என்பதால், உடைப்புக் கடையில் சம்மட்டியால் தட்டிக் கழற்றும்போது காதுகள் விரிசல் விடுவது சகஜம். வெல்டிங் போட்டு ராவியிருந்தால் விரல் நுனிக்கே தெரியும். மூட்டுகளில் சிலிக்கான் பசை பிதுங்கி நின்றால் அந்தப் பாக்ஸ் ஏற்கெனவே பிரிக்கப்பட்டது. ஏன் பிரித்தார்கள் என்பதற்குக் கடைக்காரரிடம் பதில் இருக்க வேண்டும்.

சின்க்ரோ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கையால் சுற்றி முழுமையாக அறிய முடியாது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த பகுதியில் சொல்லப்படும் உத்தரவாதம் முக்கியமாவது அதனால்தான்.

6. விலையும் பில்லும்

நான் விசாரித்தபோது ஆம்னி பாக்ஸுக்குச் சொன்ன விலைகள் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் வரை இருந்தன. பழைய பாக்ஸைக் கொடுத்தால் எடைக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கழித்துக்கொள்வார்கள். ஆனால் புதிதாக வாங்கியது வண்டியில் நன்றாக ஓடுகிறது என்று தெரியும்வரை பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே நன்றாக உள்ள பாகங்கள் அப்போது கைகொடுக்கலாம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பில் என்றால் வரி கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு அது 18 சதவீதம். அதைத் தவிர்க்கக் கைச்சீட்டு போதும் என்று பலர் நினைக்கிறார்கள். திருட்டு வண்டியில் கழற்றிய பாகம் என்று பின்னால் தெரியவந்தால், நாணயமாகத்தான் வாங்கினேன் என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தப் பில்தான். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

பில்லில் கடையின் பெயர், தேதி, “ஆம்னி கியர்பாக்ஸ், பழையது”, கழற்றிய வண்டியின் ஆண்டு, பாக்ஸில் எண் பொறித்திருந்தால் அந்த எண், பெற்ற தொகை ஆகியவை இருக்க வேண்டும். இவற்றோடு, பேச்சளவில் சொல்லும் ‘செக்கிங் வாரண்டி’யை எழுத்தில் வாங்குங்கள். அதில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்: எத்தனை நாள், சரியில்லையென்றால் வேறு பாக்ஸா பணமா, இறக்கி ஏற்றும் கூலி யார் தலையில். கடைசிக் கேள்விக்கு எந்தக் கடைக்காரரும் “எங்கள் தலையில்” என்று சொல்லமாட்டார். ஆனாலும் கேளுங்கள். நாட்களைக் கூட்டிக் கொடுக்கவாவது இசைவார்கள். நாள்கணக்கு வாங்கிய தேதியிலிருந்து ஓடுமா, மாட்டிய தேதியிலிருந்து ஓடுமா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எனக்கு வாய்வார்த்தையாக ஏழு நாள் கொடுத்த ஒரு கடையில், மெக்கானிக்குக்கு வேலைப்பளு என்று பாக்ஸ் பட்டறையில் கிடந்த நாட்களையும் அந்த ஏழில் சேர்த்துவிட்டார்கள். எனவே மெக்கானிக்கிடம் தேதி வாங்கிய பிறகே பாக்ஸ் வாங்கப் போங்கள். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் பட்டறைகளில் தேதி கிடைப்பது கடினம்.

கடைக்காரர் ஓட்டின்மீது பெயின்டில் ஒரு குறி போடுவார். அது இல்லாவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார். அந்தக் குறியோடு பாக்ஸைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே மாற்ற வேண்டியவை

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட் ஏறக்குறைய 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் அடங்கும். பழைய பிளேட்டில் இன்னும் பாதி இருக்கிறது என்று மெக்கானிக் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் மாற்றிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதற்காக மறுபடி பாக்ஸை இறக்கினால் கூலி மட்டுமே அதைத் தாண்டிவிடும். ஃபிளைவீல் நடுவில் உள்ள சிறிய பைலட் பேரிங், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல், பாக்ஸின் முன்பின் ஆயில் சீல்கள், பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் ஆகியவை தனித்தனியே சிறு தொகைகள்தான். இன்ஜின் சீலைப் புதுப்பிக்காமல் விட்டால் கசியும் எண்ணெய் புதிய கிளட்ச் பிளேட்டில்தான் போய் விழும். ஃபிளைவீலில் நீலத் தழும்புகளும் வெடிப்புகளும் தெரிந்தால் லேத் பட்டறையில் முகம் எடுக்கக் கொடுங்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் ஆகலாம்.

இறக்கி ஏற்றும் கூலி பட்டறைக்குப் பட்டறை மாறும். நான் கேட்டது 2,500 முதல் 4,000 வரை. ஆக, 7,000 ரூபாய்க்குப் பாக்ஸ் வாங்கினால் மொத்தம் 13,000 முதல் 15,000 ரூபாய் வரை கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

8. பொருத்தும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை

வேலையை மெக்கானிக் செய்தாலும் சில கட்டங்களில் நீங்கள் அருகில் இருப்பது நல்லது. சனிக்கிழமை மதியம் தொடங்கவிடாதீர்கள். ஒரு சீல் அளவு மாறினாலும் ஞாயிறன்று கடை இருக்காது, வண்டி பிரித்தபடி கிடக்கும். வண்டியைத் தூக்கிய பிறகு ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக்கூடாது, ஸ்டாண்டு கொடுத்தே ஆக வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும், ஏனெனில் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் இந்த வேலையில் கழற்றுவார்கள்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் டிஃபரென்ஷியல் பக்க ஃபிளாஞ்சில் (இரண்டும் போல்ட்டால் இணையும் தட்டில்) ஷாஃப்டுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடச் சொல்லுங்கள். அதே கோட்டில் திரும்ப மாட்டாவிட்டால், முன்பு இல்லாத அதிர்வு வந்து, புது பாக்ஸ்மீது வீண்பழி விழும். பாக்ஸ் கழன்றதும் இன்ஜினின் பின்பகுதிக்கு மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கல் கொடுக்க வேண்டும்.

கிளட்ச் பிளேட்டை நடுவாக வைத்துத்தான் பிரஷர் பிளேட்டை இறுக்க வேண்டும். அதற்கான கட்டையோ பழைய இன்புட் ஷாஃப்டோ இருக்கிறதா என்று பாருங்கள். கண்பார்வையில் வைத்தால் பாக்ஸ் உள்ளே போகாது. போகாதபோது சிலர் போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடப் பார்ப்பார்கள். அங்கேதான் காது உடைகிறது, பிளேட் வளைகிறது. பாக்ஸ் கை அழுத்தத்திலேயே இன்ஜினோடு முகத்துக்கு முகம் ஒட்டிய பிறகுதான் ஸ்பானர் தொட வேண்டும். அதுவரை ஒருவர் பாக்ஸின் எடையைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பாதி நுழைந்த நிலையில் தொங்கவிட்டால் முழு எடையும் புது பிளேட்டில் ஏறும்.

ஸ்பீடோமீட்டர் கேபிள் செருகும் சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரத்தைப் பழைய பாக்ஸிலிருந்து எடுத்து மாட்டச் சொல்லுங்கள், பல் எண்ணிக்கை மாறினால் மீட்டர் தவறாகக் காட்டும். பாக்ஸின் மேலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். அது அடைந்திருந்தால் சூட்டில் அழுத்தம் கூடிப் புதிய சீலிலும் எண்ணெய் கசியும்.

எண்ணெய் ஊற்றுவதைக் கண்ணால் பாருங்கள். காலியான பாக்ஸோடு வண்டியை வெளியே எடுத்துவிட்ட கதைகள் பட்டறைகளில் உண்டு. வண்டி மட்டமாக நிற்கும்போது நிரப்புத் துளையின் விளிம்பு வரை வந்து வழியத் தொடங்குவதே சரியான அளவு. ஜிஎல்-4 தர கியர் எண்ணெய் கேளுங்கள். டிஃபரென்ஷியலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 எண்ணெய் சில பித்தளைச் சின்க்ரோக்களுக்கு ஒத்துவராது, இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

9. மாட்டிய பிறகு, உத்தரவாத நாட்களுக்குள்

முதலில் சக்கரங்கள் தூக்கிய நிலையிலேயே இன்ஜினை ஓடவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு காலி வண்டியில் மெதுவாக ஒரு சுற்று. திரும்பி வந்ததும் அடியில் காகிதம் விரித்து இரவு முழுவதும் நிறுத்தி, காலையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாளே வழக்கமான பாரத்தை ஏற்றி, ஒரு மேம்பாலமாவது ஏறும்படி ஓட்டுங்கள். தேய்ந்த சின்க்ரோவும் துள்ளும் கியரும் காலி வண்டியில் ஒளிந்துகொள்ளும், பாரத்தில் வெளியே வரும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது உரசுகிறதா, இறக்கத்தில் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால் கியர் துள்ளுகிறதா என்று குறிப்பாகக் கவனியுங்கள். குறை தெரிந்தால் அன்றே கடைக்குத் தொலைபேசியில் சொல்லி, அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். தேதியோடு பதிவு இருந்தால் நாள் முடிந்துவிட்டது என்ற வாதம் எழாது.

குறை எதுவும் இல்லாமல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை ஒருமுறை வடித்து மாற்றுங்கள். மாட்டிய பாக்ஸுக்குள் தங்கியிருந்த கசடு அதில் வெளியேறிவிடும். பிளக்கில் இம்முறை சில்லு இல்லையென்றால், எடைக்குப் போட வைத்திருந்த பழைய பாக்ஸை இனித் தாராளமாக விற்கலாம். பில்லையும் வாரண்டிச் சீட்டையும் ஆர்சி நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்பார்.